பாதிக் கிணறு தாண்டும் அப்டேட்கள்

லினக்ஸ் ஆட்களிடம் ரோலிங் ரிலீஸ் பற்றிப் பேச்சு எடுத்தால் இரண்டு பதில்தான் வரும். ஒன்று: "அது உடையும்ப்பா, வேலை பார்க்கிற மெஷின்ல போடாதே." இன்னொன்று: "பல வருஷமா ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலை." இரண்டுமே உண்மைதான். ஆனால் எது உடைந்தது, ஏன் உடைந்தது, எப்படி மீண்டார்கள் என்று அடுத்த கேள்வி கேட்டால் இரண்டு பக்கமும் அமைதியாகிவிடும்.

அதனால் ஆர்ச் லினக்ஸ் குழு தன் பயனர்களுக்கு வருஷா வருஷம் விட்ட எச்சரிக்கை அறிவிப்புகளை வரிசையாக உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்தபோது எனக்குத் தெரிந்த விஷயம் இது: பெரிய உடைப்புகளுக்குப் பொதுவான காரணம் "புது மென்பொருள், பழகாத மென்பொருள்" என்பது இல்லை. கணினியின் ஒரு பாதி புதுசுக்குப் போய், இன்னொரு பாதி பழசிலேயே நின்றுவிட்டது என்பதுதான். நம் ஊரில் பாதிக் கிணறு தாண்டுவது என்பார்களே, அச்சு அசலாக அது. தாண்டாமலே நின்றவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை, முழுசாகத் தாண்டியவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பதிப்பு எண் இல்லாத ஊர்

முதலில் ரோலிங் ரிலீஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். உபுண்டு, ஃபெடோரா மாதிரி டிஸ்ட்ரோக்கள் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு பதிப்பை வெளியிடும். அதற்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடுகின்றனவா என்று பார்த்து, பூட்டி, கையில் கொடுப்பார்கள். ரோலிங் ரிலீஸில் அந்தப் பூட்டு கிடையாது. ஒவ்வொரு பேக்கேஜும் தயாராகிறபோது வந்துகொண்டே இருக்கும். ஒருமுறை இன்ஸ்டால் செய்தால் அப்புறம் வாழ்நாள் முழுக்க அப்டேட்தான்.

இந்த யோசனை டெபியனிலேயே இருந்தது. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன், தன் பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' படத்துப் பாத்திரங்களின் பெயரை வைக்கிறது. என்றைக்கும் நிலையில்லாத, புதுசு புதுசாக வந்து விழும் கிளைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சிட். படத்தில் சிட் என்பவன் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு பொம்மைகளை உடைக்கும் பையன். எச்சரிக்கையைப் பெயரிலேயே எழுதிவிட்டார்கள்! ஆனால் டெபியனுக்கு சிட் என்பது சமையற்கட்டு மாதிரி. பரிமாறுவது வேறு இடத்தில்.

சமையற்கட்டிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொன்ன இரண்டு டிஸ்ட்ரோக்கள் 2002 மார்ச்சில் வந்தன. ஒன்று டேனியல் ராபின்ஸின் ஜென்டூ 1.0. எல்லாவற்றையும் நம் கணினியிலேயே கம்பைல் செய்துகொள்ளும் முறை, ஃப்ரீபிஎஸ்டியின் போர்ட்ஸிலிருந்து எடுத்த யோசனை. இன்னொன்று கனடாக்காரர் ஜட் வினெட் அதே மாதம் 11-ஆம் தேதி வெளியிட்ட ஆர்ச் 0.1. க்ரக்ஸ் என்ற சின்ன டிஸ்ட்ரோவின் எளிமை அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் அப்டேட்டை ஒழுங்காகச் செய்ய ஒரு கருவி வேண்டும் என்று பேக்மேன் என்ற பேக்கேஜ் மேனேஜரையும் எழுதினார். இந்தக் கட்டுரையில் வரும் பெரும்பாலான கதைகள் பேக்மேனைச் சுற்றித்தான்.

ஒரு லைப்ரரி, இரண்டு காலம்

பாதி அப்டேட் எப்படி உடைக்கும் என்பதற்கு அடிப்படை உதாரணம் லைப்ரரி.

ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற லைப்ரரியை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் பாதுகாப்பாகப் பேசும் ஏகப்பட்ட நிரல்கள் அதை நம்பி இருக்கின்றன. அதன் கோப்புப் பெயரிலேயே ஒரு எண் இருக்கும். 1.1 வரிசையில் ஒரு எண், 3 வரிசையில் வேறு எண். 1.1-ஐப் பார்த்துக் கம்பைல் ஆன நிரல், ஓடத் தொடங்கும்போது 1.1 என்ற பெயருள்ள கோப்பைத்தான் தேடும். 3 இருந்தால் அதற்குப் பிரயோஜனம் இல்லை, "கோப்பைக் காணோம்" என்று சொல்லி நின்றுவிடும்.

இதனால் இப்படி ஒரு லைப்ரரி மாறும்போது, அதைச் சார்ந்த எல்லா பேக்கேஜ்களையும் டிஸ்ட்ரோக்காரர்கள் மறுபடி கம்பைல் செய்து, சோதனைக் கிளையில் வைத்துப் பார்த்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நேரத்தில் வெளியிடுவார்கள். அவர்கள் பக்கம் முழுத் தாண்டல்.

நம் பக்கம் என்ன நடக்கிறது? பேக்மேனில் "பட்டியலை மட்டும் புதுப்பி" என்று தனியாக ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு பேக்கேஜை மட்டும் இன்ஸ்டால் செய்தால், அந்த பேக்கேஜ் தனக்கு வேண்டிய புது லைப்ரரியையும் இழுத்துக்கொண்டு வரும். பழைய லைப்ரரி போய்விடும். அதை நம்பியிருந்த மற்ற நிரல்கள் அங்கேயே நிற்கும். அந்த மற்ற நிரல்களில் பேக்மேனே ஒன்றாக இருந்தால்? சரி செய்யும் கருவியும் போச்சு.

"பகுதி அப்டேட்டுக்கு ஆதரவு இல்லை" என்று ஆர்ச் எழுதி வைத்திருப்பது இதனால்தான். கறார் விதி மாதிரி தெரியும். உண்மையில் அவர்கள் சொல்வது, "நாங்கள் சோதித்தது இன்றைய முழுத் தொகுப்பை; உன் கலவையை யாரும் சோதித்ததில்லை" என்பதுதான்.

2012: /லிப் இடம் மாறிய கதை

ஆர்ச் வரலாற்றில் பெயர்போன உடைப்பு 2012 ஜூலையில் நடந்தது. அதுவரை முக்கியமான லைப்ரரிகள் /லிப் என்ற அடைவில் இருந்தன. அவற்றையெல்லாம் /யுஎஸ்ஆர்/லிப் அடைவுக்கு நகர்த்திவிட்டு, பழைய /லிப் என்பதை வெறும் குறுக்கு இணைப்பாக மாற்றுவது திட்டம். க்ளிப்சி என்ற அடிப்படை சி லைப்ரரியின் பேக்கேஜ் வழியாக அது வந்தது.

சிக்கல் எங்கே? /லிப் காலியாக இருந்தால்தான் அதை எடுத்துவிட்டு இணைப்பு போட முடியும். வேறு பேக்கேஜ் போட்ட கோப்போ, பயனர் கையால் வைத்த கோப்போ உள்ளே இருந்தால் பேக்மேன் "/லிப் ஏற்கெனவே இருக்கிறது" என்று சொல்லி நின்றுவிடும். அது நின்றது சரியான காரியம். முதலில் க்ளிப்சியை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அப்டேட் செய்யுங்கள், /லிப் காலியான பிறகு க்ளிப்சியைக் கொண்டுவாருங்கள், தயவுசெய்து 'ஃபோர்ஸ்' மட்டும் போடாதீர்கள் என்று அறிவிப்பு சொன்னது.

ஃபோர்ஸ் போட்டார்கள்.

அப்போது நடந்ததைப் புரிந்துகொள்ள ஒரு விவரம் வேண்டும். லினக்ஸில் சாதாரண நிரல் எதுவும் தானாக ஓடாது. அதற்கு வேண்டிய லைப்ரரிகளைக் கோத்துத் தர 'லோடர்' என்று ஒன்று முதலில் ஓட வேண்டும். அந்த லோடரின் முகவரி ஒவ்வொரு நிரலின் தலைப்பகுதியிலும் எழுதப்பட்டிருக்கும். அந்த முகவரி /லிப் அல்லது /லிப்64 என்றுதான் தொடங்கும். அந்தப் பாதை கலைந்தால் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் ஓடாது, நகலெடுக்கும் சிபி ஓடாது, பேக்மேனும் ஓடாது. இதில் கொடுமை, எல்எஸ் கோப்பு வட்டில் பத்திரமாக இருக்கும். ஆனாலும் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்றே பிழைச் செய்தி வரும். இல்லாதது லோடர், ஆனால் செய்தியைப் பார்க்கிறவனுக்கு எல்எஸ்-ஸே காணாமல் போன மாதிரி இருக்கும்.

ஏற்கெனவே திறந்திருந்த ஷெல் மட்டும் நினைவகத்தில் உயிரோடு இருக்கும். அதன் சொந்தக் கட்டளைகள் வேலை செய்யும். அந்த ஜன்னலை மூடாமல் வைத்திருந்தவன் புண்ணியவான்.

அடுத்த வருஷம், 2013 ஜூனில், இதே வேலை நிரல்களுக்கும் நடந்தது. /பின், /எஸ்பின் எல்லாம் /யுஎஸ்ஆர்/பின்னுக்குள் போயின. மறுபடியும் இரண்டு கட்ட அப்டேட், மறுபடியும் "ஃபோர்ஸ் போடாதே".

இதே மாற்றத்தை ஃபெடோரா 2012 மே மாதம் வந்த தன் 17-ஆம் பதிப்பில் செய்தது. அவர்களுக்குப் பதிப்பு எல்லை என்ற வசதி இருந்தது. புதிதாக இன்ஸ்டால் செய்பவருக்குப் பிரச்சினையே இல்லை. பழசிலிருந்து மாறுபவருக்கு, பூட் ஆகும் ஆரம்பக் கட்டத்தில், வட்டில் இருக்கும் நிரல்கள் ஓடத் தொடங்கும் முன்பே அடைவுகளை மாற்றும் ஏற்பாடு செய்தார்கள். ஆர்ச்சுக்கு அந்த எல்லை இல்லை. ஓடுகிற பஸ்ஸிலேயே டயரை மாற்ற வேண்டியிருந்தது.

பேக்மேன் பின்னால் திருந்தியது. 2016-இல் வந்த 5.0 பதிப்பில் 'ஹுக்' என்ற வசதி வந்தது. ஒரு பேக்கேஜ் மாறினால் அதோடு சேர்ந்து செய்ய வேண்டிய வேலையைத் தானாகச் செய்ய இது வழி. 2018-இல் வந்த 5.1 பதிப்பில் ஃபோர்ஸுக்குப் பதிலாக 'ஓவர்ரைட்' வந்தது. எந்தக் கோப்பின் மேல் எழுதலாம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டு "சரி" போடும் பழக்கத்துக்கு அங்கே ஒரு கடிவாளம்.

பூட் ஆகாத மெஷின்கள்

அப்டேட்டுக்குப் பின் ரீபூட் செய்தால் யூஎஸ்பி வேலை செய்யவில்லை, வைஃபை இல்லை, சில சமயம் கீபோர்டுகூட இல்லை. இந்தப் புகாரில் மிகப் பழைய காரணம் ஒன்று உண்டு. /பூட் தனிப் பார்ட்டிஷனாக இருந்து, அப்டேட் நடந்த நேரத்தில் அது மவுண்ட் ஆகாமல் இருந்தால், புது கர்னல் கோப்பு வெறும் அடைவுக்குள் போய் விழும். பூட் ஆகப்போவது பார்ட்டிஷனில் இருக்கும் பழைய கர்னல். ஆனால் அதற்குரிய மாட்யூல்களை அப்டேட் அழித்துவிட்டுப் புதியவற்றை வைத்திருக்கும். பழைய கர்னல், புதிய மாட்யூல். எந்த டிரைவரும் ஏறாது.

2022 ஆகஸ்டில் நடந்த க்ரப் விவகாரமும் இதே வகைதான். க்ரப் என்பது கணினி உயிர்பெற்றதும் கர்னலைத் தேடி ஏற்றும் பூட்லோடர். இதில் இரண்டு பகுதி உண்டு: பூட் பார்ட்டிஷனில் உட்கார்ந்திருக்கும் க்ரப் ஒன்று, அதற்கான கான்ஃபிக் கோப்பைத் தயாரிக்கும் ஸ்கிரிப்ட்கள் இன்னொன்று. பேக்கேஜ் அப்டேட் ஆனால் ஸ்கிரிப்ட்கள்தான் மாறும். பூட் பார்ட்டிஷனில் இருப்பதை நாம் தனியாக ஒரு கட்டளை கொடுத்துத்தான் மாற்ற வேண்டும்.

அந்த மாதம் வந்த புது ஸ்கிரிப்ட், "ஃபர்ம்வேர் அமைப்புக்குப் போகும் வசதி இருக்கிறதா?" என்று கேட்கும் ஒரு வரியைக் கான்ஃபிக்கில் எழுதியது. புது க்ரப்புக்கு அது கேள்வி. பழைய க்ரப்புக்கு அந்தக் கேள்விக்குறி புரியாது. "ஃபர்ம்வேருக்குப் போ" என்ற உத்தரவாக எடுத்துக்கொண்டு நேரே பயாஸ் திரைக்குப் போய்விட்டது. வெளியே வந்து ரீபூட் செய்தால் மறுபடி பயாஸ். ஆர்ச்சை அடிப்படையாகக் கொண்ட எண்டெவர்ஓஎஸ் பயனர்கள் பலர் இதில் மாட்டினார்கள்.

கவனியுங்கள், புது க்ரப்பில் பிழை இல்லை. பழைய க்ரப்பிலும் இல்லை. புதுசு எழுதியதைப் பழசு படித்தது, அவ்வளவுதான்.

இதே வரிசையில் இன்னும் சில உண்டு. நாம் கைவைத்துத் திருத்திய கான்ஃபிக் கோப்பை பேக்மேன் அழிக்காது. புதியதைப் பக்கத்தில் 'பேக்நியூ' என்ற வாலோடு வைக்கும். அதைப் பார்க்காமலே விட்டால் நிரல் புதுசு, அதன் அமைப்பு பழசு. 2020-இல் லாகின் வேலையைப் பார்க்கும் பாம் அமைப்பு சில பழைய மாட்யூல்களைக் கைவிட்டபோது, அவற்றின் பெயர் கான்ஃபிக்கில் மிச்சமிருந்த கணினிகளில் லாகினே தடைபடும் நிலை. மாசக்கணக்கில் அப்டேட் செய்யாமல் விட்டால் கையெழுத்துச் சாவிகள் பழசாகி, புது பேக்கேஜ்களை நம்ப முடியாது என்று பேக்மேன் மறுத்துவிடும். அங்கே சாவிப் பேக்கேஜை முதலில் புதுப்பித்து, உடனே முழு அப்டேட்டையும் செய்ய வேண்டும்.

திரும்பி வரும் வழி

உடைந்தால் என்ன செய்வது? ஆர்ச் ஆட்களின் பாரம்பரிய வைத்தியம் இது. யூஎஸ்பியில் இருக்கும் இன்ஸ்டால் இமேஜைப் போட்டு பூட் செய், உன் வட்டை மவுண்ட் செய், 'ஆர்ச்-சிஎச்ரூட்' மூலம் உள்ளே போ. பேக்மேனின் பதிவேட்டைத் திறந்து கடைசியாக என்னென்ன மாறியது என்று பார். பாதியில் நின்ற அப்டேட்டை முடி. முடியாவிட்டால், தேக்ககத்தில் இருக்கும் பழைய பேக்கேஜை எடுத்துப் போடு. அதனால்தான் தேக்ககத்தை அடியோடு துடைக்கக் கூடாது என்பார்கள். 'பேக்கேஷ்' கருவிகூட இயல்பாக ஒவ்வொரு பேக்கேஜிலும் கடைசி 3 பதிப்புகளை விட்டுவைக்கிறது.

தேக்ககமும் காலி என்றால் ஆவணக் கிடங்கு. முன்பு ஆர்ச் ரோல்பேக் மெஷின் என்று ஒன்று இருந்தது. அது 2013-இல் மூடப்பட்டது. பிறகு அதிகாரபூர்வமான ஆர்ச் லினக்ஸ் ஆர்க்கைவ் வந்தது. அதில் பழைய பேக்கேஜ்கள் தேதிவாரியாக இருக்கின்றன. ஒரு தேதியைச் சுட்டி, "எல்லாவற்றையும் அந்த நாளுக்குக் கொண்டுபோ" என்று சொல்லலாம். ஒரு பேக்கேஜை மட்டும் பின்னால் இழுப்பதும் பகுதி அப்டேட்தான், திசைதான் வேறு. அதனால் முழுக் கணினியையும் ஒரே தேதிக்குக் கொண்டுபோவது பல நேரங்களில் பாதுகாப்பானது.

இதெல்லாம் விவரம் தெரிந்தவர்களுக்கான வைத்தியம். "எல்லாருக்கும் யூஎஸ்பியும் சிஎச்ரூட்டும் தெரிந்திருக்க வேண்டுமா?" என்று கேட்டவர்கள் வேறு வழி தேடினார்கள்.

ஓப்பன்சூசே அதில் ஒன்று. 2014 நவம்பரில் டம்பிள்வீட்டும் ஃபேக்டரி கிளையும் ஒன்றாகி இன்றைய டம்பிள்வீட் ஆயின. அங்கே பேக்கேஜ்கள் தனித்தனியாக வராது. ஒரு நாளின் மொத்தத் தொகுப்பையும் ஓப்பன்க்யூஏ என்ற தானியங்கிச் சோதனையில் ஓட்டி, தேறினால்தான் வெளியிடுவார்கள். அதோடு பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறையும் ஸ்னாப்பர் கருவியும் உண்டு. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன்னும் பின்னும் வட்டின் நிலையைப் படம்பிடித்து வைக்கும். உடைந்தால் பூட் மெனுவிலேயே நேற்றைய படத்தைத் தேர்ந்தெடுத்து எழும்பலாம்.

இதைப் பார்த்து ஆர்ச்சிலும் பலர் ஸ்னாப்ஷாட் வைத்துக்கொள்கிறார்கள். நல்லதுதான், ஆனால் இங்கேயும் ஒரு பாதிக் கிணறு இருக்கிறது. டம்பிள்வீட்டின் க்ரப் அமைப்பில் கர்னலும் அந்தப் படத்துக்குள் வரும். ஆர்ச்சில் /பூட் தனி ஃபேட் பார்ட்டிஷனாக இருந்தால் கர்னல் படத்துக்கு வெளியே நிற்கும். ரோல்பேக் செய்தால் மாட்யூல்கள் நேற்றையவை, கர்னல் இன்றையது. மருந்தே நோயாகிவிடும்.

வேரிலிருந்தே யோசித்தவர் எல்கோ டோல்ஸ்ட்ரா. 2003-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நிக்ஸ், 2006-இல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடானது. அதில் எந்த பேக்கேஜும் இன்னொன்றின் மேல் எழுதாது. ஒவ்வொரு பதிப்புக்கும் தனி அடைவு. அப்டேட் என்பது எல்லாம் தயாரான பிறகு ஒரே ஒரு இணைப்பைப் புதுசுக்குத் திருப்புவது. நடுவில் கரண்ட் போனாலும் பழசு அப்படியே இருக்கும். நிக்ஸ்ஓஎஸ்ஸில் பழைய தலைமுறைகள் பூட் மெனுவில் வரிசையாக நிற்கும்.

ஆனால் டேட்டா? அங்கே நிக்ஸும் கைவிரிக்கும். போஸ்ட்க்ரெஸ் பெரிய பதிப்பு மாறினால் பழைய டேட்டா அடைவைப் புது சர்வர் திறக்காது. நிரலைப் பின்னால் திருப்பலாம், அதற்குள் நாம் எழுதிய டேட்டாவைத் திருப்பினால் நேற்றிலிருந்து செய்த வேலை போய்விடும். பேக்கப்புக்கு மாற்று ஸ்னாப்ஷாட் இல்லை.

அரை நொடி

இவ்வளவு தொல்லைக்குப் பேசாமல் பூட்டிய பதிப்பிலேயே இருக்கலாமே என்ற வாதத்துக்கு வலுவான சாட்சி 2024. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்திருந்தார்கள். டெபியன் சிட், டம்பிள்வீட், ஃபெடோராவின் ராஹைட், ஆர்ச் என்று புதுசை உடனே எடுப்பவர்களிடம்தான் அது போய்ச் சேர்ந்தது. டெபியன் ஸ்டேபிள் போட்டவர்களுக்கு வரவே இல்லை. ஆர்ச்சில் எஸ்எஸ்எச் சர்வர் அந்த லைப்ரரியோடு இணைக்கப்படாததால் அந்த வழி திறக்கவில்லை. உடனே அப்டேட் செய்யச் சொல்லி அறிவிப்பு மட்டும் வந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் போஸ்ட்க்ரெஸ் டெவலப்பர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். எஸ்எஸ்எச் லாகினுக்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, தோண்டி எடுத்து, மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். அவர் அதைக் கவனித்தது டெபியன் சிட் ஓடிய கணினியில். பொம்மை உடைக்கும் பையன் பெயரிட்ட அதே கிளை. அங்கே ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்ததால்தான் அடுத்து வந்திருக்க வேண்டிய ஸ்டேபிள் பதிப்புகள் தப்பின. ஸ்டேபிள்காரர்களின் நிம்மதிக்கு முன்வரிசையில் யாரோ இருக்க வேண்டியிருக்கிறது.

டெபியன் அதைச் சரிசெய்த விதமும் ரசிக்கத்தக்கது. பேக்கேஜ் எண் பின்னால் போகக் கூடாது என்பது விதி. ஆனால் பழைய 5.4.5-க்குத் திரும்பியாக வேண்டும். அதனால் "5.6.1+ரியலி5.4.5" என்று பெயர் வைத்து வெளியிட்டார்கள். முன்னால் போவது மாதிரி காட்டிப் பின்னால் போனது!

13 வருஷம் கழித்து

2025 ஜூனில் ஆர்ச் மறுபடி ஒரு அறிவிப்பு விட்டது. லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜைப் பல துண்டுகளாகப் பிரிக்கிறோம். அதே சமயம் என்விடியா கோப்புகளின் இணைப்பு அமைப்பும் மாறிவிட்டது. பேக்மேனால் இதைக் கையாள முடியாது. பழைய பேக்கேஜை முதலில் நீக்கிவிட்டு, பிறகு முழு அப்டேட்டோடு சேர்த்துப் புதியதைப் போடுங்கள். அடைவுக்கும் இணைப்புக்கும் நடுவில் 2012-இல் மாட்டிய அதே முடிச்சு. மாட்டினால் அப்டேட் தொடங்காமல் நிற்கும், கணினி உடையாது.

ஆர்ச் முறையில் அப்டேட்டின் ஒரு பாதி கணினியில் நடக்கிறது, இன்னொரு பாதி அதை ஓட்டுபவர் அறிவிப்பைப் படிப்பதில் நடக்கிறது. இரண்டாவதை விட்டால் அதுவும் பாதித் தாண்டல்தான். அதற்கு நேரம் இல்லாதவருக்கு டம்பிள்வீட்டோ நிக்ஸ்ஓஎஸ்ஸோ டெபியன் ஸ்டேபிளோ நல்ல தேர்வு. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. நேரம் உள்ளவர் மூன்றைக் கடைப்பிடித்தால் போதும்: அப்டேட்டுக்கு முன் அறிவிப்பைப் பாருங்கள், செய்தால் முழுசாகச் செய்து, ரீபூட்டும் செய்து முடியுங்கள், திரும்பினாலும் கர்னலோடு சேர்த்து முழுசாகத் திரும்புங்கள். நாளைக்குக் காலையில் கொடுக்க வேண்டிய வேலை இருந்தால், இன்று ராத்திரி அப்டேட் வேண்டாம்.